நீல விளக்குக்காரர்கள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒரு வீட்டில் கூடினால், சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வருவதற்கிடையில் கதை அந்த இடத்துக்கு வந்துவிடும். கனடாவுக்கு எந்த வழியால் வந்தனீங்கள்? ஒருவர் ஜேர்மனிக் கதையைத் தொடங்குவார். இன்னொருவர் மொஸ்கோவில் குளிருக்குள் நின்ற கதையைச் சொல்வார். கப்பலில் வந்தவர் ஒருவர் இருந்துவிட்டால் மற்றவர்கள் வாயை மூடவேண்டியதுதான், அவரை வெல்ல ஏலாது. போன மாதம் அஜக்சில் என் தம்பி வீட்டில் கூடியபோது உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் மட்டும் ஒருநாளும் சொல்லுறேல்லை" என்றீர்கள். "அமெரிக்காவால வந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே தம்பி கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். "சொல்லுங்கோவன் அக்கா. எனக்கெண்டால் ஒண்டும் ஞாபகமில்லை" என்றான்.

அவனுக்கு ஞாபகமில்லை என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும் அவன் சொல்லச் சொன்னபடியால் சொல்கிறேன்.

நாங்கள் இருந்த இடத்தை ஊர் என்று சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் அப்படிச் சில இடங்கள் இருக்கின்றன. மேயர் இல்லை, நகரசபை இல்லை, பொலிஸ் இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சட்டத்தில் எழுதி வைக்கவும் இல்லை. ரோட்டோரத்தில் பெயர் எழுதிய ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். நியூயோர்க் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லைக்கு அரை மணித்தியால ஓட்டத்தில் இருந்தது. இப்போது கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் என் குசினி மேசையில் இருந்து போனில் தேடிப் பார்க்கிறேன். வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கடைசியில்தான் அந்தப் பெயர் போனால் போகிறது என்று எழும்பி வருகிறது.

பெற்றோல் பம்ப் வைத்த ஒரு கடை, ஒரு அறையளவு தபால் கந்தோர், ஒரு தேவாலயம், தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை, பிறகு வீடுகள், பிறகு சோளம் வெட்டிய வயல்கள். கொட்டகைக்குப் பின்னால் உயரமான ஒரு கம்பம். அதன் உச்சியில் சைரன். விறகுப் புகையும் மாட்டுச் சாணமும் கலந்த ஒரு மணம் எந்த நேரமும் இருக்கும். சாண மணம் மட்டும் எனக்குப் பழக்கமானது, அதனால் அதை மூக்கு நிறைய இழுத்துக்கொள்வேன்.

அந்த வருடம் கனடா எல்லையில் நடைமுறையை மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் அகதி என்று போனவுடன் உள்ளே விட்டவர்கள், இப்போது ஒரு நாளைச் சொல்லி, அன்றைக்கு வாருங்கள் என்று அமெரிக்காப் பக்கம் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாள் பனி கொட்டுகிற மாரி முடிகிற நேரத்தில் இருந்தது. தேவாலயக்காரர்கள் தங்களுடைய பழைய வீடு ஒன்றைத் தந்தார்கள். கீழே அம்மாவும் நானும், சின்னவன் என்று அப்போது நாங்கள் கூப்பிட்ட தம்பியும். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. மேல் அறையில் எங்களைப் போலவே தவணைக்குக் காத்திருந்த ஒரு அண்ணை. அம்மாவுக்கு ஒரே வேலைதான் இருந்தது. அந்த நாள் வரைக்கும் எங்கள் இரண்டு பேரையும் தொலைத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அப்பாவை அவர் தொலைத்துவிட்டிருந்தார். அம்மா அப்படித்தான் சொல்லுவார், தான் கைதவறித் தொலைத்த ஒன்றைச் சொல்வதுபோல.

அப்பா றேடியோ திருத்துகிறவர். வவுனியாவுக்குக் கிழக்கே எங்கள் ஊர். குளக்கட்டைத் தாண்டினால் மற்ற ஊர். அங்கேயிருந்து பாண்காரர் சைக்கிளில் வருவார். நல்ல மனுசன், சின்னவனுக்குச் சீனிப் பணிஸ் சும்மா கொடுப்பார். பிறகு சண்டை தொடங்கியதும், தமிழரான எங்களுக்கு எதிராக அரசாங்கம் அந்த ஊர் ஆண்களுக்குத் துவக்குக் கொடுத்து ஊர்காவல் படை என்று பெயர் வைத்தது. சீருடை இல்லை. பகலில் கடையும் வயலும் பாண் பெட்டியும், தேவைப்படும்போது துவக்கு. ஆமி என்றால் தூரத்திலேயே தெரியும், ஓடலாம். இவர்கள் தெரிந்த முகங்கள். ஒரு பின்னேரம் அவர்கள் வந்தபோது அப்பா பின்வளவுப் பற்றைக்குள் ஒளித்துக்கொண்டார். பாண்காரர் படலையில் நின்று, "அண்ணை, என்ர றேடியோ பாடுதில்லை, ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டார். பழகிய குரல். அப்பா எழும்பிப் போனார். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா எங்களுக்கு அந்தச் சட்டத்தைப் போட்டார். சத்தம் கேட்டால் ஒளிக்கவேண்டும். ஒளித்தால் வெளியே வரக்கூடாது.

"ஆர் கூப்பிட்டாலும் வரக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வரக்கூடாது."

"நீங்கள் கூப்பிட்டால்?" என்று சின்னவன் கேட்டான்.

"நான் கூப்பிட்டாலும் வரக்கூடாது. என்னைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு கூப்பிடச் சொல்லுவாங்கள். நான் அழுது கூப்பிட்டாலும் நீ வரக்கூடாது, விளங்குதோ?"

சின்னவன் தலையாட்டினான். அவன் சொல்வழி கேட்கிற பிள்ளை. என்னைப்போல இல்லை.

அமெரிக்காவில் அந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் விடியலிலேயே வெடிச்சத்தம் கேட்டது. பொய் சொல்லவில்லை. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு காட்டுப் பக்கமிருந்து இன்னொன்று. அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினார். மேல் அறை அண்ணையும் போர்வையோடு ஓடிவந்தார். விடிந்து வெளிச்சம் வந்தபின் யன்னல் சீலையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்தோம். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஆண்கள் தோளில் துவக்கோடு பிக்கப் வண்டிகளில் போனார்கள். எதிர்வீட்டு முற்றத்து மரத்தில் ஒரு மான் பின்னங்காலில் தலைகீழாகத் தொங்கியது. அதற்குக் கீழே பனி சிவப்பாக இருந்தது.

அது மான் வேட்டைப் பருவம். இன்றைக்கு உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியும், சிலர் பங்கு கேட்டு இறைச்சியும் வாங்குகிறீர்கள். எங்களுக்கு யார் சொன்னது? அந்த மனிதர்களுக்கு அது மழை பெய்வதுபோல. அதைப் போய் ஒருவருக்கு விளங்கவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

மானை விடுங்கள். எங்களை உலுப்பியது சைரன்தான். அது கீழே உறுமித் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, யன்னல் கண்ணாடி நடுங்கும் உயரத்தில் நின்று, பிறகு இறங்கி, மறுபடி ஏறும். அது தொடங்கினவுடன் ஊர் மாறிவிடும். கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஓடுவார். பால் மாடு வைத்திருக்கிறவர் சேற்றுச் சப்பாத்தோடு ஓடுவார். எல்லாரும் தங்கள் தங்கள் பிக்கப்பில் ஏறி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல விளக்கை வைத்துச் சுழலவிட்டு, அந்தக் கொட்டகையை நோக்கிப் பறப்பார்கள். சீருடை இல்லை. பகலில் பாலும் கடையும் பஸ்ஸும். சைரன் கேட்டால் நீல விளக்கு.

மேல் அறை அண்ணை யன்னலை விட்டு விலகி வந்து அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அக்கா, இந்த இடத்துக்குப் பொலிஸ் ஸ்ரேசன் இல்லை, பாத்தனீங்களோ?"

"ஓம், நானும் யோசிச்சனான்."

"ஏன் இல்லை? தேவையில்லை. இஞ்சை ஆம்பிளையள் எல்லாருமே ஊர்காவல் படை."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். அண்ணை கணக்கில் கெட்டிக்காரர், ஏ லெவலில் நல்ல பெறுபேறு, ஆங்கிலமும் தெரியும். அவர் யோசித்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை. எனக்குத்தான் அதை நம்ப மனம் வரவில்லை. கடைக்காரரின் முகம் எனக்கு நல்ல விருப்பமாக இருந்தது, அதுதான் காரணம். பாண்காரரின் முகமும் எனக்கு விருப்பமாகத்தான் இருந்தது.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அவர்கள் தீயணைப்புக்காரர்கள். அரசாங்கம் ஆள் வைக்காத இடத்தில் ஊராரே சேர்ந்து செய்கிற வேலை. கொட்டகைக்குள் இருந்தது தண்ணி வண்டி. அந்த மாநிலத்தில் அந்தத் தொண்டர்கள் சொந்த வாகனத்தில் நீல விளக்குப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். யாரோ ஒருவருடைய வீட்டுப் புகைபோக்கியில் நெருப்புப் பிடித்தது என்று அவர்கள் ஓட, நாங்கள் எங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்று நிலவறைக்குள் இறங்கி, உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் மூச்சடக்கி இருந்தோம். இப்போது சிரிப்பு வருகிறதா? எனக்கு இன்னும் வரவில்லை.

அவர்களும் எங்களைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கதவைத் தட்டினால் திறக்காத ஆட்கள், பெருமை பிடித்தவர்கள் என்று நினைத்தார்களாம். ஆனாலும் படியில் சாமான் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் பழுப்புக் கடதாசியில் சுற்றிய மான் இறைச்சி. அம்மா அதைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு போய்ப் பின்வளவுப் பனிக்குள் புதைத்தார். இன்னொருநாள் சின்னவனுக்குச் சிவப்பு றப்பர் பூட்ஸ். உள்ளே வேறு ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. யாருடைய பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அம்மா வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிர் கடுமையானபடியால் கடைசியில் போட்டுவிட்டார். அது கொஞ்சம் பெரிது, நடக்கும்போது டொக்கு டொக்கு என்று சத்தம் போடும். சின்னவன் அதைப் படுக்கைக்கும் போட்டுக்கொண்டு போகப் பார்த்தான்.

பூட்ஸ் வந்து கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம் சின்னவன் பின்வளவில் பனி கிண்டிக்கொண்டிருந்தான். அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டே அரிசி களைந்தார். நான் மேல் அறை அண்ணையிடம் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். சைரன் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் பழக்கத்தில் எழும்பினோம். அம்மா கதவைத் திறந்தபோது பின்வளவில் சின்னவன் இல்லை.

அவன் சட்டப்படி நடந்துவிட்டான். சத்தம் கேட்டது, ஒளித்துவிட்டான்.

அம்மா நிலவறைக்குப் போகவில்லை. காலில் வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கி அவனைத் தேடினார். எனக்கு இன்றைக்கும் மறக்காதது என்னவென்றால், அவர் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. நீல விளக்குகள் ரோட்டால் போய்க்கொண்டிருந்தன. அம்மா குனிந்து குனிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவன் பெயரை ரகசியமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு தாய் தொலைந்த பிள்ளையை இரகசியக் குரலில் கூப்பிடுகிறார். நான் பின்னால் போனேன்.

நெருப்புச் சின்னது போலிருக்கிறது, அவர்கள் கெதியாகத் திரும்பிவிட்டார்கள். அப்போது இருள ஆரம்பித்துவிட்டது. மாரியில் அங்கே பின்னேரமே இருட்டு. கடைக்காரர் வண்டியில் வரும்போது, பனிக்குள் செருப்போடு நிற்கிற அம்மாவைக் கண்டு பிறேக் போட்டார். அவர்தான் அந்தத் தொண்டர்களுக்கெல்லாம் தலைவர் என்று பிறகு அறிந்தோம். இறங்கி வந்தார். அம்மா என்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சுவரோடு நின்றார். மேல் அறை அண்ணை கைகளை உயர்த்தி, எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் படித்த ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. சின்னப் பையன், இல்லை, சின்னப் பையன், இல்லை என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் அம்மாவின் காலைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். வண்டிக்குள் கையை விட்டு எதையோ எடுத்துப் பேசினார். சைரன் மறுபடியும் தொடங்கியது.

இந்த முறை அது எங்களுக்காக ஊதியது. ஊரிலுள்ள அத்தனை ஆண்களும் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். எங்கள் வீட்டைச் சுற்றி, தேவாலயத்தைச் சுற்றி, வயலோரமெல்லாம் நீல விளக்குகள் சுழன்றன. பனி முழுவதும் நீலமாகி நீலமாகி அழிந்தது. டோர்ச் வெளிச்சங்கள், நாய்கள். மேல் அறை அண்ணை சொல்லிக்கொடுத்த சின்னவனின் பெயரை அவர்கள் வாய்க்குள் போட்டு உடைத்து, எழுத்தை மாற்றி, ஆனாலும் விளங்கக்கூடியதாக, நாலு திசையிலும் நின்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ்காரர் வயலோரத்திலிருந்து ஒரு சிவப்புப் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். பனிக்குள் புதைந்து கழன்றிருந்தது. அதைக் கண்டவுடன் பெண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதிலிருந்துதான் எனக்கு நிலைமை விளங்கியது. அவன் ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல் வெறும் ஈர மேசோடு எங்கேயோ இருக்கிறான், அவர்கள் பயப்படுகிறார்கள்.

கடைக்காரர் அம்மாவைத் தண்ணி வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மைக்கைக் கையில் கொடுத்தார். வண்டியின் மேல் ஒலிபெருக்கி இருந்தது. தாய் கூப்பிட்டால் பிள்ளை வரும், உலகம் முழுக்க அப்படித்தான். அம்மா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சின்னவனின் பெயரைச் சொன்னார். வயல் முழுக்க அது கேட்டது. "வாடா ராசா" என்றபோது குரல் உடைந்து அழுகை வந்தது.

உடனே அவர் மைக்கைக் கீழே விட்டார். என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது. நான் அழுது கூப்பிட்டாலும் நீ வரக்கூடாது.

எத்தனை பேர் தேடுகிறார்களோ அவ்வளவுக்கு அவன் உள்ளே உள்ளே போவான். பெயரைக் கூப்பிடக் கூப்பிட மூச்சை அடக்குவான். சொல்வழி கேட்கிற பிள்ளை, விறைத்துச் சாகும்வரைக்கும் கேட்பான்.

அம்மா கடைக்காரரின் உடுப்பைப் பிடித்து இழுத்தார். அவர்கள் யாரையும் அவர் அதுவரை தொட்டதில்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். சைரனைக் காட்டி "ஓஃப்" என்றார். விளக்கைக் காட்டி "ஓஃப்" என்றார். கத்துகிற ஆட்களைக் காட்டி "ஓஃப், ஓஃப்" என்றார். மேல் அறை அண்ணைக்கு அப்போதுதான் ஆங்கிலம் திரும்பி வந்தது. அவன் உங்களுக்குத்தான் பயந்து ஒளித்திருக்கிறான், நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம் என்று சொன்னார். பஸ்காரர் கையை விரித்துக் கோபமாக ஏதோ சொன்னார். குளிர் இறங்கிக்கொண்டிருக்கிறது, நிறுத்தினால் பிள்ளை போய்விடும் என்று அண்ணை எங்களுக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது.

கடைக்காரர் பஸ்காரரைக் கையால் மறித்தார். பிறகு வண்டி றேடியோவில் ஏதோ சொன்னார். சைரன் இறங்கி நின்றது. நீல விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. என்ஜின்கள் நின்றன. நாய்களை வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். அத்தனை பேரும் நின்ற நின்ற இடத்தில் இருட்டுக்குள் பேசாமல் நின்றார்கள். அந்த அமைதி சைரனைவிட மோசமாக இருந்தது. சின்னவன் செத்துப்போய்விட்டான் என்று அந்த இருட்டுக்குள் நான் முடிவே எடுத்துவிட்டேன்.

அம்மா என்னைப் பின்படிக்கு இழுத்துக்கொண்டு போய், குசினி விளக்கைப் போட்டு, கதவை அகலத் திறந்து வைத்தார். பிறகு என்னை ஏசத் தொடங்கினார்.

"உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? அரிசியை ஊறவைச்ச சட்டியை இப்பிடியே விட்டிட்டு எங்கையடி போனனீ?"

நான் திகைத்துப் போய் நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, பல்லுக்குள்ளால், "வாய் காட்டு பிள்ளை. எனக்கு எதிர்த்துக் கதை" என்றார்.

உங்கள் வீடுகளிலும் இது இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆமியின் சுற்றிவளைப்பு நேரத்தில் ஊரில் ஒரு பெண்ணின் குரலும் வெளியே வராது. பிள்ளைகளின் வாயைக்கூடக் கையால் பொத்தி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று பற்றைக்குள் இருக்கிறவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? யாரும் சொல்வதில்லை. கிணற்றடியில் ஒரு தாய் பிள்ளையை ஏசுகிற சத்தம் கேட்கும். அப்போது ஒவ்வொருவராக எழும்பி வருவார்கள். பயந்து நிற்கிறவர்கள் பிள்ளையைச் சட்டி கழுவவில்லை என்று ஏசமாட்டார்கள். பிடித்து வைத்துக்கொண்டு அழச் சொல்லலாம், பெயரைக் கூப்பிடச் சொல்லலாம், இப்படி ஏசச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

"நான் படிச்சுக்கொண்டிருந்தனான்" என்றேன். அது முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"சத்தமாச் சொல்லு. கள்ளி, படிச்சனியோ படம் பாத்தனியோ? தலையைப் பார், பேய் மாதிரி. சீப்பு எங்கை?"

"நான் எடுக்கேல்லை. நீங்கள்தான் வைச்சனீங்கள்."

"எனக்கு முன்னாலை நிண்டு வாய் காட்டுறியோ?"

"எல்லாத்துக்கும் என்னைத்தான் பேசுவீங்கள். அவனை ஒருநாளும் பேசமாட்டீங்கள்."

அது நடிப்பில்லை, உண்மையாகவே வந்தது. எனக்கு அழுகையும் வந்துவிட்டது. அம்மா நிற்கவில்லை. பல்லு விளக்காதது, புத்தகம் மடித்து வைக்காதது, மச்சாளோடு சண்டை பிடித்தது என்று எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் செய்த குற்றமெல்லாம் வந்தது. கடைசியில் சோறு ஆறுது, ஒருத்தருக்கும் போடமாட்டன் என்று கத்தினார். ஊரே இருட்டுக்குள் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை.

தேவாலய விறகுக் கொட்டிலில், அடுக்கிய விறகுக்கும் சுவருக்கும் இடையில் இருந்து சின்னவன் வந்தான். ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் மேஸ். குசினி வெளிச்சம் விழுகிற இடத்தின் ஓரத்தில் வந்து நின்று, மெல்லக் கேட்டான்.

"அவங்கள் போயிட்டாங்களோ?"

அம்மா ஓடிப்போய் அவனை அள்ளித் தூக்கினார். "ஓம் ராசா, போயிட்டாங்கள்" என்றார். சுற்றிவர அத்தனை பேரும் நின்றார்கள்.

கடைக்காரர் போர்வையோடு வெளிச்சத்துக்குள் வந்தபோது சின்னவன் வீரிட்டுக் கத்தினான். அம்மாவின் கழுத்தை நகத்தால் பிறாண்டினான். வண்டிக்குள் ஏறவேண்டும் என்றார்கள். அம்மா ஒரு கணம் வண்டியின் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவையும் ஒரு வண்டியில்தான் ஏற்றினார்கள். பிறகு என் கையையும் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளே கடைக்காரர் தன்னுடைய சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சின்னவனின் விறைத்த காலைத் தன் வெறும் வயிற்றில் வைத்து, சட்டையால் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சின்னவன் மற்றக் காலால் அவர் நெஞ்சில் உதைத்துக்கொண்டே இருந்தான். அவர் விடவில்லை. அவருக்குக் குளிரில் வயிறு நடுங்கியதை நான் பார்த்தேன்.

சின்னவன் களைத்து அடங்கியபிறகு அம்மாவின் காதுக்குள் கேட்டான், "உங்களை அடிச்சுத்தானே மைக்கிலை கூப்பிடப் பண்ணினவங்கள்?"

அம்மா அவன் தலையைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே இருந்தார்.

சின்னவனுக்குக் காலில் கடைசி விரல் போய்விட்டது. மற்றதெல்லாம் தப்பியது. தம்பி வீட்டுக்குள்ளும் மேஸ் போடுகிறான், அது குளிருக்கு என்று நினைத்து நீங்கள் பகிடி பண்ணுகிறீர்கள். இனிமேல் பண்ணாதீர்கள்.

மேல் அறை அண்ணை மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய் எல்லாவற்றையும் விசாரித்து வந்தார். குசினி மேசையில் இருந்து அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார்.

"நெருப்பு நூக்கிற ஆக்கள் அக்கா. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"அரசாங்கம் சம்பளம் குடுக்குதோ?"

"இல்லையாம். சும்மாதான் செய்யினம்."

"அப்ப துவக்கு?"

"அது மானுக்கு."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவும் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார். ஒரு விசயத்தின் உண்மை தெரிவதால் மட்டும் பயம் போய்விடாது, அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பனி கரையத் தொடங்கியபோது எங்கள் தவணை நாள் வந்தது. எல்லையைத் தாண்டி, பார்க்டேலில் கரப்பான் பூச்சிகளோடு ஒரு அறையில் குடியேறியதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதற்கு முன் நடந்த ஒன்றைத்தான் நான் இதுவரைக்கும் யாருக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் சைரன் மறுபடியும் ஊதியது. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு சின்னவன் கட்டிலுக்குக் கீழே போனான். அம்மா அவனை வெளியே வா என்று கூப்பிடவில்லை. அந்த வீட்டில் இனி அவர் அவனைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம்? தானும் குனிந்து, வயிற்றால் தவழ்ந்து, கட்டிலுக்குக் கீழே போய் அவனுக்குப் பக்கத்தில் படுத்தார். நானும் போனேன். அங்கே தூசி மணம், பலகை குளிர்ந்துபோய்க் கிடந்தது.

"பயப்பிடாதை" என்றார். "எங்கையோ ஒரு வீட்டிலை நெருப்பாம். தண்ணி அடிக்கப் போகினம்."

"கடைக்காரருமோ?"

"ஓம், அவரும்தான்."

வண்டிகள் ஒவ்வொன்றாக ரோட்டால் போகிற சத்தம் தரையால் எங்களுக்குக் கேட்டது.

"நான் துலைஞ்சபோதும் இவைதானே வந்தது?"

"ஓம் ராசா."

"எல்லாரும் வந்தவையோ?"

"எல்லாரும் வந்தவை. ஒருத்தரும் வீட்டை நிக்கேல்லை."

அவன் அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

"அப்ப, அப்பா துலைஞ்சபோது ஆர் வந்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். மேலே சைரன் ஏறி இறங்கி ஓய்ந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் மூன்று பேரும் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தோம்.